பல்பு எரிந்ததும் ஊசி

கோழிப்பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு மலர் போடுகிறார்கள். அதற்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று இளம் கால்நடை டாக்டர் ஒருவர் என்னைக் கேட்டார்.

"ஐயா, நீங்க முப்பத்தஞ்சு வருசம் ஷெட்டுல நின்னவரு. வெளிச்ச நேரம், தீனி நேரம், ரெண்டையும் எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு எழுதிக் குடுங்க. புதுசா வர்ற சூப்பர்வைசர் பசங்களுக்கு உதவும். படிக்க இனிமையா இருந்தாப் போதுங்கய்யா."

நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். ஆனால் இனிமையாக வராது, தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட அன்றே எனக்குள் ஆத்திரம் மூண்டுவிட்டது. அதற்குக் காரணமும் நீங்கள்தான்.

அன்று காலை என்னைப் புதிய பண்ணை ஒன்றைப் பார்க்க அழைத்துப் போனீர்கள். தீனி சங்கிலியில் தானாக ஓடுகிறது. சாயங்காலம் விளக்கு பட்டென்று அணையாமல் பொழுது சாய்வது போல மெல்ல மங்குகிறதாம், கோழி மிரளக் கூடாதென்று. உங்கள் போனை என்னிடம் காட்டி, "இந்த ஷெட்டுக் கோழி இன்னிக்கு அஞ்சு நாப்பதுக்குச் சாப்பிட ஆரம்பிச்சிருக்குங்கய்யா" என்றீர்கள். நான் பாராட்டினேன், மனமார்ந்துதான். வெளியே வந்தபோது ஷெட்டின் நிழலில் வேலைக்காரர்கள் இரண்டு பேர் குத்தவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வடநாட்டுப் பிள்ளைகள். மணி பதினொன்று நாற்பது. "இது மத்தியானச் சாப்பாடா?" என்று கேட்டேன். ஒருவன் சிரித்துக்கொண்டே "காலை சாப்பாடு, சார்" என்றான். நீங்கள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு ஊர் மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். பன்னிரண்டாவது முடித்துவிட்டுச் சும்மா இருந்தவனை நாமக்கல் பக்கத்துப் பண்ணை ஒன்றில் மூட்டை இறக்கச் சேர்த்துவிட்டார்கள். தீனி அரைத்தேன், ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சுக்கு மூக்கு நுனி வெட்டினேன், தடுப்பூசி போட்டேன், செத்த கோழியைப் பொறுக்கினேன். எட்டு வருடத்தில் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அவ்வளவுதான் என் படிப்பு. மற்றதெல்லாம் எங்கள் மேனேஜர் ராமலிங்கம் சார் சொல்லிக் கொடுத்தது.

அவர் சத்தம் போட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஷெட்டுக்குள் வந்தால் முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். ஏதாவது ஒரு கூண்டைத் திறந்து கோழியைப் பிடித்து, கழுத்துக்குக் கீழே இரைப்பையை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பார். "இது தின்னு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. எத்தன மணிக்குத் தீனி போட்டீங்க?" என்பார். நாம் சொல்லும் பதிலும் அவர் விரல் சொன்னதும் ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாவிட்டால் திட்ட மாட்டார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, நம் கையாலேயே சரியான நேரத்தை எழுத வைத்து, கையெழுத்து வாங்குவார். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம். எதைச் சொல்லப் போனாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "எத்தன மணிக்கு?"

அவரிடம் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மலருக்கு அதுதானே வேண்டும். முட்டைக் கோழிக்கு ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். சூரியன் கொடுப்பது போக மிச்சத்தைப் பல்பு கொடுக்கும். எங்கள் பண்ணையில் காலை ஐந்து மணிக்கு எரிந்து விடிந்ததும் அணையும். மறுபடி சாயங்காலம் ஆறு மணிக்கு எரிந்து ஒன்பதுக்கு அணையும். முட்டை இடும் பருவத்தில் இந்த நேரத்தைக் குறைக்கவே கூடாது. குறைந்தால் கோழி முட்டையை நிறுத்திவிட்டு இறகை உதிர்க்க ஆரம்பித்துவிடும். காலை ஆறு மணிக்கு முதல் தீனி, மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டாவது. நாலு மணிக்கு மேல் கிளிஞ்சல் தூவ வேண்டும். முட்டை ஓடு உருவாவது ராத்திரியில். காலையில் கிளிஞ்சலைக் கொட்டினால் அது ராத்திரிக்கு உதவாது. அதே கிளிஞ்சல், அதே அளவு, நேரம் மட்டும் தப்பினால் ஓடு மெலிந்து முட்டை உடையும். தின்பது எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் உடம்புக்குக் கணக்கு. 

இன்னொன்றும் உண்டு. வெளிச்சம் கோழிக்கு நேரத்தைச் சொல்லும். தீனியும் சொல்லும். பத்து நாள் ஒரே நேரத்துக்குத் தீனி போட்டுப் பாருங்கள், பதினோராம் நாள் தீனி தள்ளி வரும் வண்டிச் சத்தம் கேட்பதற்கு முன்பே எல்லாம் தொட்டிக்குள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். நேரத்தை மாற்றி மாற்றிப் போட்டால் தின்றும் தேறாது.

இதற்கெல்லாம் சனியனாக வாய்த்தது, பல்பை நேரத்துக்கு எரியவைத்து அணைக்கும் அந்த டைமர். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் மறுநாள் பல்பு இரண்டு மணி நேரம் பிந்தி எரியும். ஆகவே ஒவ்வொரு தடவை கரண்ட் வந்ததும் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து முள்ளைத் திருகி வைப்பது என் வேலை. சாமி கும்பிட மறந்த நாள் உண்டு, டைமரை மறந்த நாள் இல்லை.

இனி பாவாயி அக்காவுக்கு வருகிறேன்.

பாவாயி அக்கா நாலாம் ஷெட்டில் தீனி போடுபவர். வெண்ணந்தூர் பக்கம் சொந்த ஊர். புருசன் செத்த பிறகு மகனைத் தறிக்கு அனுப்பிவிட்டு, பண்ணை வளாகத்தில் இருந்த லைன் வீட்டில் ஒண்டியாக இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். என்னைத் 'தம்பிங்' என்று கூப்பிடுவார், நான் அக்கா என்பேன். வாய் ஓயாது. கோழிகளையும் வாங்க போங்க என்றுதான் அதட்டுவார்.

அவருக்குச் சர்க்கரை. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, அப்புறம் ஊசிக்கு மாற்றியிருந்தார்கள். காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி மருந்தை எங்கள் தடுப்பூசி வைக்கும் ஃபிரிஜ்ஜில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளக் கேட்டேன். "கோழி மருந்து வைக்கிற எடத்துல அதெல்லாம் வேண்டாம்" என்று முதலாளி சொல்லியனுப்பிவிட்டார். ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் டம்ளர் வைத்து அதில் வைத்துக்கொண்டார் அக்கா.

ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. ஒரு நாள் அறுபது, ஒரு நாள் முந்நூற்றைம்பது. ஆஸ்பத்திரியில் வாயைக் கட்டச் சொல்லித் திட்டி அனுப்பினார்கள். அக்கா அழுதுகொண்டே வந்து என்னிடம் சொன்னார்.

"நானென்ன தம்பிங் பலகாரமா திங்கறேன்? பொழுதுக்கும் ஒரு டீ, ஒரு பன்னு. காலைத் தீனியெல்லாம் முடிஞ்சு வெயில் ஏறுனாத்தான் சோறு. ராத்திரி சமைச்சுத் திங்கறக்குள்ள பல்பே அணஞ்சு போயிருது. இதுல வாயக் கட்டுன்னா எதக் கட்டறது?"

"ஊசி எப்பக்கா போடறீங்க?"

"எப்ப ஞாபகம் வருதோ அப்பங்."

அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சீட்டில் மணி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது அவருக்கு என்ன சொல்லும்? அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதை நினைத்து நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"அக்கா, ஒரு நாளைக்கு பல்பு எத்தன தடவ எரியுது?"

"ரெண்டு தடவைங்."

"ஊசி?"

"அதும் ரெண்டுதானுங்."

"அவ்வளவுதான். பல்பு எரிஞ்சதும் ஊசி. போட்டுட்டுப் பழைய சோறோ களியோ ஒரு வட்டல் தின்னுட்டு அப்புறம் தீனி வண்டியத் தொடுங்க. சாயங்காலம் பல்பு எரிஞ்சாலும் அதே மாதிரி. பல்ப நான் பாத்துக்கறேன்."

ஐந்து மணிக்குப் பல்பு, ஆறு மணிக்கு வண்டி. இடையில் ஒரு மணி நேரம் இருந்தது. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் அதுவே போதும். முதல் வாரம் அந்த நேரத்தில் சோறு இறங்கவில்லை, குமட்டியது. "இந்நேரத்துக்குத் தின்னு பழக்கமில்லீங் தம்பி" என்று முகத்தைச் சுளித்தார். விடாமல் தின்னச் சொன்னேன். இரண்டாம் வாரம் அவரே வந்து சொன்னார். "பல்பு எரியறக்கு முந்தியே வயிறு எழுப்பிப்போடுதுங்." கோழி தொட்டிக்குள் கழுத்தை நீட்டுவது போலத்தான். அவர் வயிறு நேரம் கற்றுக்கொண்டது. ராத்திரிச் சாப்பாடும் ஏழுக்குள் முடிந்தது. நல்ல தூக்கம் வந்தது. மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்துவிட்டு, "இப்பத்தான் வாயைக் கட்டியிருக்கீங்க" என்று பாராட்டினார்களாம். அக்கா வளாகம் பூராவும் சொல்லிச் சிரித்தார். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

மூன்றாவது வருடம் கோடை கடுமையாக வந்தது. தகர ஷெட்டுக்குள் கோழி வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கியது. தின்றால் உடம்புச் சூடு இன்னும் ஏறும், ஆகவே வெயில் ஏறிய பிறகு கோழி தீனியைத் தொடாது. தொட்டால் சாகும். விடிவதற்குள் தீனியை முடித்துவிட வேண்டும் என்று ராமலிங்கம் சார் நேரத்தை மாற்றினார். பல்பு மூன்றரைக்கு எரிய வேண்டும். எரிந்த உடனே வண்டி. தீனி போட்டதும் குழாயில் கிடக்கும் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், கூரைமேல் தென்னங்கீற்றை நனைக்க வேண்டும். எல்லாம் ஏழு மணிக்குள். கோழியைப் பொறுத்தவரை அருமையான திட்டம். இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல மாட்டேன்.

நானே டைமரைத் திருகினேன். நானே ஆட்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன். "நாளையிலிருந்து பல்பு எரிஞ்ச நிமிசமே வண்டி எடுக்கணும். ஒரு ஆள் பிந்தினாலும் கோழி சாகும்."

பின்வரிசையிலிருந்து பாவாயி அக்கா கேட்டார். "தம்பிங், அப்ப நம்ம சோறு?"

"தீனி முடிச்சுட்டுச் சாப்புட்டுக்கங்கக்கா" என்றேன்.

அந்த ஒரு வாக்கியம். என் கையில் பதிவேடு இருந்தது, அதில் ஆறு ஷெட்டுக்கும் புது நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. 'பல்பு எரிந்ததும் ஊசி' என்று சொன்னவன் நான். 'தீனி முடித்துச் சாப்பாடு' என்று சொன்னவனும் நான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை ஆறு ஷெட்டுக் கோழிக்கும் கொடுத்தேன், அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் பண்ணையிலேயே சொன்னபடி கேட்கும் ஆள். இரண்டையும் அப்படியே செய்தார்.

நாலாம் நாள். விடிந்து பல்பு அணையும் நேரம். நாலாம் ஷெட்டுப் பக்கம் கோழிகள் தாறுமாறாகக் கத்தின. கீரி புகுந்துவிட்டது என்று நினைத்துத் தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். எழுதுவதற்கே கூசுகிறது, நான் ஓடியது கோழிக்காகத்தான்.

கூண்டு வரிசைக்கு நடுவே நடைபாதையில் பாவாயி அக்கா கோணலாக விழுந்து கிடந்தார். வண்டி கவிழ்ந்து தீனி அவர்மேல் கொட்டியிருந்தது. உடம்பு வேர்வையில் தொப்பலாக நனைந்து சில்லென்று இருந்தது. கண் திறந்திருந்தது, ஆள் தெரியவில்லை. "இன்னும் ரெண்டு வரிசதானுங், இன்னும் ரெண்டு வரிசதானுங்" என்று குழறினார். இரண்டேகால் மணி நேரத்துக்கு முன்பு போட்ட ஊசி வெறும் வயிற்றில் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு வாய் சோறு உள்ளே இல்லை. அப்படியே நாலு வரிசைக்கு வண்டி தள்ளியிருக்கிறார்.

கோடையில் கோழித் தண்ணீரில் கலக்க வெல்லம் மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருந்தோம். கோழி சோர்ந்துவிடக் கூடாதல்லவா! அதில் ஒரு கட்டியை உடைத்துப் பொடித்து ஈறில் தேய்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் நிலைத்தது. விழுங்க முடிந்ததும் கரைத்துக் கொடுத்தேன். தூக்கி உட்கார வைக்கப் போனபோது அலறினார். விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

தீனி ஏற்றும் வேனில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா சர்க்கரையைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இவங்க வழக்கமா எத்தன மணிக்குச் சாப்பிடுவாங்க?"

"காலையில அஞ்சரைங்க."

"இந்த நாலு நாளா?"

நாலாம் ஷெட்டுக் கோழி அந்த நாலு நாளும் எத்தனை மணிக்குத் தின்றது என்று கேட்டிருந்தால் நிமிடத்தோடு சொல்லியிருப்பேன். எத்தனை கிராம் என்றும் சொல்லியிருப்பேன். அக்கா எப்போது சாப்பிட்டார் என்று தெரியவில்லை. "தெரியலைங்க" என்றேன். டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

பண்ணைக்குத் திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. ராமலிங்கம் சார் ஆபீசில் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நாலாம் ஷெட்டுக்குத் தீனி எத்தன மணிக்கு முடிஞ்சது?"

இருபத்தேழு வருடம் நான் குருவாக நினைத்திருந்த மனிதர். அந்தக் கேள்வியில் எனக்கு அவர்மேல் இருந்த எல்லாம் போய்விட்டது. நேரத்தைச் சொன்னேன். பதிவேட்டைத் தள்ளினார். "பிந்துனதுக்குக் காரணம் எழுதுங்க. ஆள் கவனக்குறைவுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மொதலாளி பாப்பாரு."

"சார், அந்தக்கா நாம சொன்னதத்தான் செஞ்சுது. நாந்தான் ஊசிய…"

"உங்க பேர எழுதறீங்களா?" என்றார் அதே அமைதியான குரலில். "எழுதுங்க. நாளைக்கு வேற சூப்பர்வைசர் வருவாரு. அவ்வளவுதான்."

என் மகள் அப்போது கல்லூரியில் இருந்தாள். அதையெல்லாம் இங்கே சாக்காகச் சொல்லப் போவதில்லை. பேனாவை எடுத்தேன். 'நாலாம் ஷெட் ஆள் கவனக்குறைவு' என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். அழகான கையெழுத்து என்று பெயர் வாங்கியவன் நான்.

கவனக்குறைவான ஆள், அதிலும் சர்க்கரைக்காரி, பண்ணைக்கு வேண்டாம் என்று முதலாளி முடிவு செய்தார். லைன் வீட்டைக் காலி செய்ய மகன் செந்தில் வந்தான். "ஊசிய எப்பப் போடணும்னுகூடத் தெரியாதா உனக்கு? எம் பொழப்பக் கெடுக்கறக்குன்னே இருக்கற" என்று எல்லார் முன்னாலும் அம்மாவைத் திட்டிக்கொண்டே பானை சட்டியை ஏற்றினான். பதிவேட்டில் என்ன இருக்கிறதென்று ஆபீசில் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் தீனி மூட்டைக்குப் பின்னால் நின்றேன். கோழையாகத்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் வேலை பார்த்தேன். எட்டு வருடமும் டைமரைச் சரியாகத் திருகினேன். முட்டை நன்றாக வந்தது. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இப்போதும் ஐந்து மணிக்குக் கண் விழித்துக்கொள்கிறது, பல்பு இல்லாமலே. பத்தரை மணிக்கு முன்னால் சோறு இறங்க மறுக்கிறது, எட்டு மணிக்குத் தட்டை வைத்துக்கொண்டு வீட்டில் மனைவி சண்டை போடுகிறாள். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம், கோழிகள் தின்று முடித்த பிறகே தின்ற உடம்பு வேறு எப்படி இருக்கும்? போனைத் திறந்தால் எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், எத்தனை மணி நேரம் வயிற்றைக் காயப்போட வேண்டும் என்று ஆளாளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்ல எவனாலும் முடியும். சாப்பிடும் நேரத்தை முதலாளி கையில் கொடுத்துவிட்டு நிற்பவனிடம் அதைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புதுப் பண்ணையில் அந்தப் பையன் "காலை சாப்பாடு, சார்" என்று சிரித்தான் அல்லவா. அதற்கு மறுநாள் நான் வெண்ணந்தூருக்குப் பஸ் ஏறினேன்.

செந்திலுக்கு இப்போது சொந்தமாக இரண்டு விசைத்தறி. தறி ஓடும் கொட்டகைக்குப் பக்கத்திலேயே வீடு. பாவாயி அக்கா வாசலில் நான்கு கால் ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க தம்பிங்! கோழியெல்லாம் சௌக்கியமுங்களா?"

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பல்பு, ஊசி, தீனி முடித்துச் சோறு, பதிவேட்டில் நான் எழுதியது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"அப்ப நான் தப்புப் பண்ணலீங்களா?"

"இல்லீங்கக்கா."

"நீங்க சொன்னாப்பலதான் செஞ்சேன். எங்க தப்புனேன்னு பதினோரு வருசமா ரோசிச்சுக்கிட்டே கெடக்கறேன். தெனமும் ஊசி போடறப்ப என்ற பையன் பக்கத்துல நின்னு, 'இன்னைக்காவது ஒழுங்காப் போடு'ம்பான். தெனமுங். ரெண்டு வேளையும்." ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன தம்பிங் கொறஞ்சு போயிருக்கும் உங்களுக்கு?"

நான் புறப்படத் திரும்பினேன்.

"உக்காருங்க. அவன் சோறு உங்கறக்கு வருவான். அவங்கிட்டச் சொல்லிப்போட்டுப் போங்க."

தறிச் சத்தம் நின்றது. செந்தில் பஞ்சுத் தூசியோடு உள்ளே வந்தான். மருமகள் தட்டு வைத்தாள். முதல் வாய்க்கு அவன் கையை வைத்தபோது நான் சொல்ல ஆரம்பித்தேன். முடிக்கும்வரை அவன் நிமிரவில்லை. முடித்ததும் தட்டை விட்டு எழுந்தான். என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்க்கவில்லை.

"எந்திரிச்சுப் போயிருங்க" என்றான் என்னிடம்.

"சித்த இருடா" என்றார் அக்கா. "மணி என்ன?"

"ரெண்டாகப் போவுது."

"அவரும் சக்கரக்காரரு, மொகத்தப் பாத்தாலே தெரியுது. சோத்து நேரத்துல ஒரு ஆள வெறும் வயித்தோட எழுப்பக் கூடாது. அதப் பண்ணறக்கு இவரு இருக்காரு, நாம வேண்டாம்." மருமகளிடம் திரும்பி எனக்கும் தட்டு வைக்கச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "உண்டுபோட்டுப் போங்க. போனதுக்கப்பறம் இந்தப் பக்கம் வராதீங்" என்றார்.

சாப்பிட்டேன். மருமகள் அக்காவுக்கும் தட்டு வைத்தாள்.

டாக்டர் தம்பி, மலரில் வெளிச்ச அட்டவணை ஒன்று போட வேண்டும் என்றீர்கள். போடுங்கள். ஐந்து மணிக்குப் பல்பு. ஐந்தரைக்கு ஆள் சாப்பாடு. ஆறு மணிக்குக் கோழித் தீனி. கோடையில் பல்பை முன்னே தள்ளினால் மூன்றையும் சேர்த்துத் தள்ள வேண்டும். நடுவில் இருக்கும் வரியை எடுத்துவிட்டு அச்சடிப்பதாக இருந்தால் இந்தக் கட்டுரையைப் போட வேண்டாம்.

அன்று பாவாயி அக்கா சாப்பிட உட்கார்ந்தபோது மணி இரண்டு ஐந்து. இந்தத் தடவை பார்த்து வைத்துக்கொண்டேன்.